இனிப்பு அடங்குமுன்

செசிலி கைவைத்தால் அப்ப மாவுகூடப் பொங்காது என்று அந்த வீட்டில் ஒரு தீர்ப்பு இருந்தது. தீர்ப்பைச் சொன்னவள் கணவனின் தங்கை அற்புதராணி. கலியாணமாகி இத்தனை வருடமாகியும் பிள்ளை தங்காத மச்சாளைப் பற்றிக் கோயில் வாசலில் நாலு பேர் நடுவே சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமி சகாயம்மாவும் கூடச் சிரித்தாள்.

அதனால் கணவன் டெஸ்மன்ட் பின்னறைச் சாடியில் பியர் ஊறப் போட்டபோது செசிலி அந்தப் பக்கம் போகக் கூடாதென்று ஆயிற்று. அவன் கல்லோயா அணை வேலைத்தளத்தில் கூலியாட்களை மேற்பார்க்கும் ஓவசியர். ஊர் திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் பியருக்கான மோல்ட் பாணி டின்னும் கசப்புக்குப் போடும் காய்ந்த பூவும் கொடுத்து, செய்முறையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இயேசு பிறந்த நாளான நத்தாருக்கு அற்புதராணியைப் பெண் பார்க்க மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்களுக்குத் தன் கையால் செய்த பியரை ஊற்றிக் கொடுத்து அசத்த வேண்டுமென்பது டெஸ்மன்டின் கனவு.

"நுரை அடங்கினா மட்டும் காணாது. ஒரு சொட்டு நாக்கில வச்சுப் பாக்கணும். இனிப்புக் கிடந்தா இன்னும் வேலை முடியல்ல. அதுக்குள்ள அடைச்சா போத்தல் வெடிச்சிரும்" என்று சாப்பாட்டு நேரமெல்லாம் இஞ்சினியர் தோரணையில் விளக்குவான்.

ஆனால் நாக்குக்குத்தான் வழியில்லை. மகளுக்கு இந்தச் சம்பந்தமாவது கைகூட வேண்டுமென்று சகாயம்மா நேர்த்தி வைத்திருந்தாள். நத்தாருக்கு முந்திய ஆகமன காலம் முழுக்க, நத்தார்ப் பூசை முடியும்வரை, இனிப்போ குடியோ வீட்டில் ஒருவர் நாக்கிலும் படக் கூடாது.

மார்கழி மழை பிடித்துக்கொண்டது. பின்னறை குளிர்ந்து கிடந்தது. இரைந்துகொண்டிருந்த சாடி திடீரென்று ஊமையாயிற்று. டெஸ்மன்ட் காதை வைத்துக் கேட்டான்; வேலை முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. ருசி பார்க்க யாரைக் கூப்பிடுவது? பக்கத்து வீட்டு மெதடிஸ்த வாத்தியார் மதுவிலக்குச் சங்கத்துக்காரர். வெற்றுப் போத்தல் கொண்டுவந்த வியாபாரி முத்தலிப் காக்காவிடம் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தான்.

"காக்கா, நீங்க ஒரு சொட்டுப் பாத்துச் சொல்லுங்களன்."

"அஸ்தஃபிருல்லாஹ்! நான் போத்தல் தந்தன். அதுக்குள்ள என்ன ஊத்துறீங்க என்டு நான் கேக்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல, ஓவசியர் ஐயா." சிரித்துக்கொண்டே போனவர் வாசலில் திரும்பினார். "சர்பத் போத்தல், மெல்லிசு. பாத்துப் புழங்குங்க."

அன்று பின்னேரம் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். செசிலி சாடியின் துணியை விலக்கி விரலை உள்ளே விட்டாள். ருசிக்கு ஆசைப்பட்டு அல்ல. தான் தொட்டால் அது செத்துப்போகிறதா என்று பார்க்கத்தான். சாகவில்லை. விரலைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் எழுந்தன, தூங்குகிற உயிர் மூச்சு விடுகிற மாதிரி. விரலை நாக்கில் வைத்தாள். பாணியாய் இனித்தது.

இரவுச் சாப்பாட்டில் மெல்லச் சொன்னாள். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து அடைச்சா என்ன?"

சகாயம்மா நிமிர்ந்தாள். "ஏன்? நாக்கில வச்சியா?"

"இல்ல மாமி."

"வச்சிருந்தா இப்பவே சொல்லு. என்ர பிள்ளையிட வாழ்க்கை இது."

"இல்ல."

"பொங்கிற சாமானைப் பத்தி மச்சாளுக்கு என்னகா தெரியும்!" என்றாள் அற்புதராணி.

டெஸ்மன்ட் தட்டைப் பார்த்தபடியே சிரித்தான். தங்கையின் பேச்சைவிட அந்தச் சிரிப்புத்தான் செசிலிக்குள் ஆழமாய் இறங்கியது.

மறுநாள் போத்தல்களில் ஊற்றி, தக்கை அடைத்து, சணல் நூலால் இறுக்கிக் கட்டினார்கள். பிறகு மழை விட்டு வெயில் எறித்தது. நத்தார்க் கேக்குக்காகக் குசினியில் அடுப்பு ஓயாமல் எரிந்தது; போத்தல்களோ அடுப்புக்கு மேல் தட்டில் வரிசையாய் நின்றன. அந்தச் சூட்டில் தக்கைகள் நூலை நெம்பிக்கொண்டு எழுவதைச் செசிலி மட்டுமே கவனித்தாள். சொல்லவேண்டும் என்று வாயெடுப்பாள். சொன்னால் நேர்த்தியை முறித்தவள் ஆவாள். பயம் வாயைக் கட்டியது.

நத்தார்க் காலையில் அந்தப் பயத்தைத் தேடினாள், காணவில்லை. பூசை முடிந்து நேர்த்தியும் முடிந்துவிட்டது. 'ஒரு சொட்டுப் பாருங்க' என்று இப்போது சொன்னால் யாரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள். அவள் சொல்லவில்லை. பயம் இருந்த இடத்தில் குளிர்ச்சியாய் வேறொன்று உட்கார்ந்திருந்தது. அது என்னவென்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. திடுக்கிடவில்லை.

முன்னறையில் மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சுச் சத்தம். புதுச் சாறி சரசரக்க அற்புதராணி குசினிக்குள் வந்தாள்.

"மச்சாள், போத்தலை நீங்க எடுத்துத் தாங்களன். என்ர சாறி நனைஞ்சிரும்."

"நான் தொட்டாச் சரிவருமா கா? நீயே எடு. உன்ர கையால குடுத்தாத்தான் மாப்பிள்ளைக்கு ருசிக்கும்."

அற்புதராணி வெட்கப்பட்டாள். அப்படி வெட்கப்படும்போது அழகாய்த்தான் இருந்தாள். செசிலி கதவுக்கு வெளியே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

முதலில் ஒரு போத்தல் வெடித்தது. அதன் அதிர்ச்சியில் பக்கத்திலிருந்தவையும்.

உள்ளே ஓடியபோது அற்புதராணி முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தாள். விரலிடுக்கால் இரத்தம். "மச்சாள், கண் தெரியுதில்ல! மச்சாள்!" செசிலி அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்டுமில்ல கா, ஒண்டுமில்ல" என்று தலையைத் தடவினாள். மாப்பிள்ளையின் தாய் வாசலில் நின்று பார்த்துவிட்டு முன்னறைக்குத் திரும்பிப் போனாள்.

"ஆரோ நேர்த்திய முறிச்சிட்டாங்க!" என்று சகாயம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

டெஸ்மன்டுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. தட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த பியரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

"இனிக்குது" என்றான் பேயறைந்தவன் போல.

"அப்படியா?" என்று கேட்டாள் செசிலி.