எண்ணெய்ப் பிடி

“இன்னொரு முடிச்சுப் போடு நுன்சியோ. அப்பாவுக்கு வளைவுல விழுந்தே பழக்கம்” என்றாள் கோஸ்தான்சா.

பழைய பந்தயக் காரில், இருக்கைகளுக்குப் பின்னாலிருந்த பெட்ரோல் டாங்க் மேல் பிரபு ருஜேரோவின் சவப்பெட்டி இருந்தது. நுன்சியோ கயிற்றை இழுத்துக் கட்டினான். பந்தயங்களில் பிரபுவின் பக்கத்து இருக்கையில் குந்தி, ஓடும் இஞ்சின் சூடேறி நிற்காமலிருக்க எண்ணெய்ப் பிடியை அடித்துக்கொண்டே வந்தவன்.

சிசிலியின் மலைச்சாலையில் அந்தக் காலத்தில் பந்தயக் கார்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். பிரபு முதலில் கிளம்பினாலும் கடைசியாகத்தான் வருவார். தெரிந்தவர் வீட்டு வாசலில் இறங்கி ஒரு வாய் ஒயின் குடிக்காமல் போவது வம்சத்துக்கு இழுக்கு. மாவு மில்லிலிருந்து வந்தவர்போல் வீடு திரும்புவார். கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும் அப்பா இருப்பார். மிச்சத்தைச் சிறுமி கோஸ்தான்சா விரலால் தேடி எடுப்பாள்.

போன வாரம் படுக்கையில் சொன்னார்: “எல்லார் தூசியையும் தின்னாச்சுடி. ஒரு தடவையாவது முன்னாடி யாருமே இல்லாத ரோட்ல போகணும்.”

“போகலாம்ப்பா” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இப்போலிதா அத்தை காருக்குச் சம்மதித்ததே பெரிது. “ஆனா சிலுவையும் சாமியாரும்தான் முன்னாடி. நம்ம வம்சத்துல யாரும் சாமியார முந்திக்கிட்டு சொர்க்கத்துக்குப் போனதில்ல.”

“பின்னாடி போனவங்க மட்டும் யாரு அத்தை?”

அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஊர்வலம் மேடேறியது. பாதிரியார் கஸ்பாரே மூட்டுவலியோடு முன்னால் நடந்தார். அவர் அங்கி கிளப்பிய தூசி சவப்பெட்டியில் படிந்தது. நுன்சியோ காரை ஓட்ட, அவனுடைய பழைய இருக்கையிலிருந்து கோஸ்தான்சா அதைப் பார்த்தாள். கார் இருமியது.

“சின்னம்மா, இந்த நடைக்கு இஞ்சின் நின்னுடும். மேட்டுல நின்னா, பிரபு பின்னாடியே உருண்டு வீட்டுக்குப் போயிடுவாரு.”

அவள் கை ஹாரனுக்குப் போனது. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவர் ஒதுங்க வேண்டும். பந்தயச் சாலையோரத்து ஊரில் அது குழந்தைக்கும் தெரியும்.

அழுத்தினாள்.

பாதிரியார் யோசிக்கவில்லை. சிலுவைக்காரனை இழுத்துக்கொண்டு சுவரோரம் தாவினார். கார் கடந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. “யார்றா அது?”

“முந்துறது பிரபு, சாமி!” என்று கத்தினான் நுன்சியோ.

வளைவில் கோஸ்தான்சா திரும்பிப் பார்த்தாள். அத்தையின் கறுப்பு உடை வெள்ளையாகிக்கொண்டிருந்தது. முன்னால், கல்லறையின் சைப்ரஸ் மரங்கள்வரை வெயில் மட்டும் கிடந்தது.

கல்லறை வாசல் வந்தது. நுன்சியோ வேகத்தைக் குறைத்து அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் குனிந்து, எண்ணெய்ப் பிடியை அடிக்க ஆரம்பித்தாள்.