எறும்பு அண்டாத மண்

தன் கணவனுக்கு இரண்டு மனைவி என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள் அவள். மூத்தவள் இவள். இளையவளுக்கு எட்டுக் கால். உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் பழுப்பு மயிரோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஆட்சி செய்துகொண்டிருந்த அந்த டரான்டுலா சிலந்திக்கு அவன் வைத்த பெயர் மகாராணி. கட்டியவளின் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பான், மகாராணியின் பெட்டிக்கு மண் தேடுவதென்றால் ஊரெல்லாம் அலைவான்.

மண் என்றால் ஏதோ ஒரு மண் அல்ல. இது வளை தோண்டி வாழும் சிலந்தி. ஒரு சாண் ஆழமாவது வேண்டும். தோண்டினால் இடியக் கூடாது, பிழிந்தால் சொட்டக் கூடாது. கூழாங்கல் போட்டால் மேலிருந்து விழும்போது வயிறு கிழிந்துவிடும். மரத்தூளின் வாசனையும் ஆகாது. சாப்பாட்டு மேசையில் அவன் இதையெல்லாம் விளக்க, அவள் 'உம்' கொட்டியபடி மூன்று வயதுப் பிள்ளை குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள்.

மகாராணிக்கு முன்னால் இருந்த சிலந்தி, கடையில் வாங்கிப் போட்ட தூளால் செத்தது. தேங்காய் நார்த்தூளில் ஈரம் கூடி, வெள்ளை வெள்ளையாக உண்ணி மொய்த்துவிட்டது. அதிலிருந்து பூச்சி என்றாலே அவனுக்குக் குலைநடுக்கம். வளர்ப்பது சிலந்தி, பயப்படுவது பூச்சிக்கு! இந்த முறை கடைப்பக்கமே போகாமல் கொல்லைச் சுவரோரம் தோண்டி ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தான்.

"இங்க பாரு, ஒரு எறும்பு உண்டா, ஒரு புழு உண்டா? சலிச்சு சலிச்சுப் பாத்துட்டேன். இவ்வளவு சுத்தமான மண்ணை நான் பாத்ததே இல்ல."

"நான்தான் அப்பவே சொன்னேனேங்க. கொல்லையில வேற எங்க உக்காந்தாலும் குட்டியை எறும்பு கடிச்சு வைக்குது. அந்தச் சுவரோரம் மட்டும்தான் ஒண்ணுமில்ல" என்றாள். இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து குட்டியின் பாயும் பழைய கிண்ணங்களும் கரண்டியும் அங்கேதான் கிடந்தன. நல்ல இடம் பிடித்தோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மகாராணியைப் புது மண்ணில் இறக்கினான். அது முன்னங்காலால் ஒருமுறை தொட்டது. காலை இழுத்துக்கொண்டது. பிறகு விறுவிறுவென்று கண்ணாடியில் ஏறி மூடியைப் பிடித்துக்கொண்டது.

"புது வீடுல்ல, கொஞ்சம் முறுக்கிக்கும். தானா எறங்கிடும்" என்றான்.

இறங்கவில்லை. தீனிக்கு விட்ட சிள்வண்டு மறுநாள் மண்ணில் மல்லாந்து கிடந்து காலை உதறிக்கொண்டிருந்தது. கடைக்காரன் வயசான வண்டைத் தலையில் கட்டிவிட்டதாக அவன் திட்டினான். அவளுக்கு மட்டும் என்னவோ போல் இருந்தது. வெறும் கண்ணாடியில் பிடிமானம் இல்லாமல் வழுக்கி வழுக்கி, ஆனாலும் ஒரு காலைக்கூடக் கீழே வைக்காமல் தொங்கும் அந்தப் பிராணியைப் பார்க்க முதல் தடவையாக அவளுக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எதற்குப் பயம் என்றுதான் பிடிபடவில்லை.

அன்று குட்டி சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தது. கொஞ்ச நாளாகவே சோர்ந்து சோர்ந்து படுக்கிறது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே ஒரு காரணம் சொல்லி, அவளே அதை நம்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் மகாராணி மண்ணில் கிடந்தது. எட்டுக் கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, குழாய் ஒழுகுகிறது என்று இவர்கள் சொல்லியனுப்பியிருந்ததால் வீட்டுச் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவமே! என்ன மண்ணு போட்டீங்க தம்பி?"

"நம்ம கொல்லையில எடுத்ததுதான். சுவரோரம்."

"சுவரோரமா? நல்லா எடுத்தீங்க போங்க! கரையான் அரிக்குதுன்னு நீங்க வர்றதுக்கு முன்னாடிதானே அங்க குழி குழியாத் தோண்டி மருந்து ஊத்தினேன். கடும் விஷமாச்சே!" பிறகு, செய்த வேலையின் பெருமை தாங்காமல் அவள் பக்கம் திரும்பினார். "ஆனா மருந்துன்னா அது மருந்து. நீங்களே சொல்லுங்கம்மா, இதுவரைக்கும் ஒரு எறும்பு வந்துச்சா?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். குட்டி இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. சுவரோரம், பாயில், கிண்ணத்தில் மண்ணைக் குழைத்துத் தட்டிக்கொண்டிருந்தது குட்டி. அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கரண்டியை நீட்டியது. நீட்டிய பிஞ்சுக் கை லேசாக நடுங்கியது.

"கேக்கு செஞ்சேன்மா. உனக்கு."

"நீ... நீ சாப்பிட்டியா கண்ணு? உண்மையைச் சொல்லு, அம்மா அடிக்க மாட்டேன்."

குட்டி யோசித்தது. அம்மா அழுவதைப் பார்த்து அதற்கும் உதடு பிதுங்கியது.

"கொஞ்சூண்டு" என்றது. "தெனமும் கொஞ்சூண்டுதான்மா."