மூன்றாம் வரிசை

வலது காலுக்குச் செருப்பு மாட்டியாயிற்று. இடது காலுக்கு உரியதைத்தான் காணோம்.

மகள் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலைமுடியில் ஒட்டடையோடு எழுந்து வந்தாள். சோபாவை நகர்த்திப் பார்த்தார்கள். வாசலில் செருப்பு வைக்கும் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். எப்போதோ தொலைந்துபோன குடைக்காம்பு ஒன்று அதிலிருந்து கிடைத்ததே தவிர, செருப்பு கிடைக்கவில்லை.

"நேத்து அப்பாவைத் தூக்கிட்டு ஓடினப்போ படிக்கட்டுல எங்கயாவது கழண்டு விழுந்திருக்கும்மா. வேற ஜோடி போட்டுறலாமா?"

"உங்க சித்தப்பா ஒத்துக்கணுமே," என்றாள் அவள்.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் மேடை உடுப்போடுதான் போக வேண்டும் என்று நேற்று மாலையிலிருந்தே ஒற்றைக் காலில் நின்றார். கோடு போட்ட கோட்டு, இரண்டு பேர் தாராளமாக நுழையக்கூடிய கால்சட்டை, காதை நோக்கிப் போகும் கோணல் டை, அப்புறம் அந்தத் தோல் செருப்பு. கோட்டும் மற்றதும் பெட்டியில் இருந்தன. செருப்பு மட்டும் மேடையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தது. அவர் விழுந்தபோது காலில் இருந்ததும் அதுதான். கடைசியில் கால்சட்டையின் நீளம் கைகொடுத்தது. இடது பாதத்தை இழுத்து மூடிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று சித்தப்பா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மற்ற குடும்பங்கள் எழுந்து நிற்கப் பாடுபடும். இந்தக் குடும்பம் விழுந்தே முன்னுக்கு வந்தது. அவளுடைய மாமனார் ஊர் ஊராக நாடகக் கொட்டகைகளில் விழுந்தார். அவரைப் பெரிய தடுக்கி என்றார்கள். மூத்த மகன் கொட்டகையில் தொடங்கி, சினிமாவில் விழுந்து, டிவியில் விழுந்து, தடுக்கி என்றால் தான்தான் என்று ஆக்கிக்கொண்டார். இளையவர் விழவில்லை. அண்ணன் விழும்போது பக்கத்தில் போலீஸ்காரராகவோ மேனேஜராகவோ முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் நிற்பது அவருடைய தொழில். அவருக்கு விறைப்பு என்று பேர். சொந்தக் கல்யாண ஆல்பத்தில்கூட அவர் சிரித்த மாதிரி ஒரு படம் கிடையாது.

அவளுக்கும் இந்த வீட்டில் ஒரு பட்டம் உண்டு. மூணாம் வரிசை.

கல்யாணத்துக்கு முன்னால், தையல்காரர் மகளாக இருந்த காலத்தில், ஒரு தோழியோடு நாடகம் பார்க்கப் போனாள். மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய நாற்காலி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையாக ஒரு இளைஞர் மேடைக்கு வந்தார். வந்த வேகத்தில் தடுக்கினார். இடது செருப்பு திரைக்கம்பி வரை பறந்தது, உள்ளங்கை தரையில் பட்டென்று அறைந்தது, ஆள் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. நிஜமாகவே அடிபட்டுவிட்டதோ என்று ஜனங்கள் குழம்பிய அந்த இடைவெளியில் அவள் சிரித்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. தோழி அவள் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் கொட்டகை முழுக்கச் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

மறுநாள் டிக்கெட் கிழிக்கிறவர் தையல் கடையைத் தேடி வந்தார். அந்தப் பெண் தினமும் வரட்டும், அதே நாற்காலி, டிக்கெட் வேண்டாம் என்று பெரிய தடுக்கி சொல்லி அனுப்பியிருந்தார். கடையில் நடந்த ரகளை கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் அது கல்யாணத்தில் முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் நாற்காலி மாறவில்லை. ஜனங்களுக்கு அடையாளம் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு காட்சிக்கும் வேறு நிறத்தில் உடுத்திக்கொண்டு போய் உட்காருவாள். மாமனார் அவளுக்கென்று சட்டம் வைத்திருந்தார். செருப்பு பறக்கும்போது சிரிக்கக் கூடாது. கை அறைகிற சத்தம் கேட்கும்போதும் கூடாது. அதற்கப்புறம் ஒரு மூச்சு விட வேண்டும், பிறகுதான் சிரிப்பு. அதைவிட முக்கியமான சட்டம் மகன்களுக்கு. தன்னை அறியாமல் விழுகிறவன் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வான், செருப்பைக் காலால் இறுக்கிக்கொள்வான். விழுந்து காட்டுகிறவன் முதலில் செருப்பை விட வேண்டும். செருப்பு மேலே போகாவிட்டால் அது விழுகிற காட்சி இல்லை, விபத்து என்பார். ஒத்திகையில் செருப்பு காலோடு தங்கிவிட்டால் மகனுக்கு அன்று சோறு தாமதமாகத்தான் வரும்.

கூடத்து மர அலமாரிதான் வீட்டு ஒத்திகைக்குக் குறி. மாமனார் காலத்து அலமாரி, முன்புறம் மேலே பூவேலை செய்த பலகை வைத்தது, ஆளைவிட உயரம். கணவர் விழுந்து பழகும் நாட்களில் செருப்பு அதற்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் துடைப்பக்கட்டையால் தட்டித் தள்ளுவாள். கீழே கிடந்தபடியே அவர் கேட்பார், "எப்படி?" அவள் மார்க் போடுவாள். அந்த நாட்களை நினைத்தால், அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறோம், அது சந்தோஷம் என்று அப்போது தெரியவில்லையே என்று இருக்கும்.

டிவி வந்த பிறகு சிரிப்பை மெஷினிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். அவளுடைய நாற்காலிக்கு வேலை இல்லாமல் போயிற்று. "அந்த மெஷினுக்கு மூச்சு விடத் தெரியலை," என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டிவி முன்னால் உட்கார்ந்து குறைபட்டுக்கொள்வார். வேலை குறைந்து, முடி நரைத்து, முட்டி தகராறு செய்யத் தொடங்கியும் அவர் வீட்டில் விழுவதை நிறுத்தவில்லை. டாக்டர் கூடாது என்றார். பல் டாக்டரான மகளும் கூடாது என்றாள். "நானும் அவளும் ஒரே தொழில்தான், ஜனங்களை வாயைத் திறக்க வைக்கிறது. அவகிட்ட மட்டும் வலிக்கும்," என்று மகளையும் கேலி செய்து அனுப்பினார். மாதத்தில் ஒரு காலையிலாவது அவள் சமையலறையில் இருக்கும்போது கூடத்தில் ஒரு சத்தம் கேட்கும். செருப்பு இப்போதெல்லாம் சோபாவைத் தாண்டவே யோசிக்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரு மூச்சு விட்டுச் சிரிப்பாள். "எப்படி?" என்று குரல் வரும். முட்டி சத்தம் ஜாஸ்தி என்றோ, போன தடவைக்கு இது தேவலை என்றோ பதில் சொல்வாள்.

நேற்றுக் காலையிலும் சத்தம் கேட்டது. பால் பொங்குகிற நேரம். முதுகைக் காட்டி நின்றபடியே ஒரு மூச்சு விட்டாள், சிரித்தாள். அடுப்பை அணைத்தாள், காபியை ஆற்றினாள். எப்படி என்ற குரல் வரவில்லை. வேண்டுமென்றே நீட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு டம்ளர்களோடு கூடத்துக்கு வந்தாள்.

இது யாருக்கும் தெரியாது. மகளிடம், சத்தம் கேட்டு ஓடிவந்தேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

இன்று கூடத்தில் அலமாரிக்கு முன்னால் அவரைக் கிடத்தியிருந்தார்கள். எதிரே வாடகை நாற்காலிகள் வரிசை வரிசையாக வாசல் வரைக்கும் போயின. அவள் அவருடைய தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் பாடு திண்டாட்டமாக இருந்தது. அழுதுகொண்டு உள்ளே வந்து, கோட்டையும் டையையும் பார்த்ததும் உதடு தானாக விரிந்து, அப்புறம் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் அவள் பக்கத்தில் குனிந்து, இளவயதில் தினம் கொட்டகைக்கு வந்தவன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

"இவர் விழுந்து சிரிக்காத ஆள் உண்டாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள். விரல்கள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

கை அறைந்ததா? அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அந்த முதல் சத்தத்தில் உள்ளங்கை பட்டென்று அறைந்ததா, இல்லை வெறும் உடம்பு விழுந்த சத்தமா? இத்தனை வருடம் கேட்ட காது. எத்தனை யோசித்தாலும் அதில் அவளுடைய சொந்தச் சிரிப்புதான் திரும்பத் திரும்பக் கேட்டது. உயிர் போகிற வலியில் ஒரு மனுஷன் தரையில் கிடக்க, பத்தடி தூரத்தில் பெண்டாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள் என்றால், அவர் கடைசியாகக் கேட்டது அதுதானே.

வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே விறைப்பு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

"அவர் விழுந்தப்போ நான் சிரிச்சேன்," என்றாள்.

அவர் திரும்பவில்லை.

"வழக்கம்போல விழுறார்னு நினைச்சேன். இங்கதான் நின்னேன். திரும்பிக்கூடப் பார்க்கலை."

அவர் மெதுவாகத் திரும்பி, தொழில்காரராகக் கேட்டார். "கை சத்தம் கேட்டுச்சா அண்ணி?"

"தெரியலை."

"கேட்டிருக்கும்," என்றார் அவர். "அண்ணன் கை போடாம விழுந்ததே இல்ல."

அவர் வாழ்நாள் முழுக்க முகத்தை அசையாமல் வைத்திருந்த மனிதர். பொய் சொல்ல மட்டும் வராது. இடது இமை துடித்ததை அவள் பார்த்தாள். பார்க்காதது மாதிரி தண்ணீரைக் குடித்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்து கூடத்துக்குள் நீளமாக விழுந்திருந்தது. அலமாரி முன்னால் வெறும் தரை. நாற்காலிகள் காலையில் போட்ட வரிசை கலையாமல் அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. மகள் குளிக்கப் போனாள். விறைப்பு சமையலறையில் பாத்திரத்தை உருட்டி காபி போட முயன்றுகொண்டிருந்தார். நாற்காலிக்காரர் வாசலில் டெம்போவை நிறுத்திவிட்டு, எடுக்கலாமா என்று ஜாடையில் கேட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

உட்கார வேண்டும் போல் இருந்தது. எத்தனையோ நாற்காலி கிடந்தது. கால் பழக்கம், அதுவாகவே மூன்றாவது வரிசைக்குப் போயிற்று. நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

நேற்றிலிருந்து அலமாரிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்ததில் பூவேலைப் பலகைதான் கண்ணில் பட்டது. இங்கே தள்ளி வந்து பார்த்ததில் பலகைக்குப் பின்னால் அதைவிட உயரமாக நின்றவையும் தெரிந்தன. பழைய தகரப்பெட்டி. மாமனாருக்கு யாரோ கொடுத்த கேடயம். இரண்டுக்கும் நடுவில் நிமிர்ந்து சிக்கி, தேய்ந்த அடிப்பாகத்தைக் கூடத்துக்குக் காட்டிக்கொண்டு, இடது செருப்பு.

காலையிலிருந்து இந்த நாற்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்களோ. யாருக்கும் அது ஒன்றும் சொல்லியிருக்காது.

அவள் செருப்பையும் அலமாரியின் உயரத்தையும் அவர் கிடந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சோபாவையே தாண்டாத செருப்பு. தானாகக் கழன்றது அவ்வளவு உயரம் போகாது. தூக்கியவர்கள் யாரும் கொண்டுபோய் வைத்திருக்கவும் மாட்டார்கள். நெஞ்சைப் பிடிக்க வேண்டிய நேரத்தில், எதையாவது பற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில், மனுஷன் முதலில் செருப்பை விட்டிருக்கிறார். போகிறோம் என்று தெரிந்துதான் உதைத்திருக்கிறார். முட்டி தகராறு செய்யாத வயதில் போன உயரத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

இனி கை சத்தத்தைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து, தோழி தொடையைக் கிள்ளிய நாளில் வந்த அதே சிரிப்பு. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. விறைப்பு கையில் வடிகட்டியோடு சமையலறை நிலைப்படியில் வந்து நின்றார். அவள் பார்த்த திசையில் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. நடந்து வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தார். அந்த முகத்தில் எதுவோ உடைந்தது. அவர் சிரித்து அவள் அதுவரை பார்த்ததில்லை. விக்கல் எடுப்பது மாதிரி, பழக்கமில்லாத ஆள் சிரிக்கும் சிரிப்பு. குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு, தலையில் துண்டோடு மகள் எட்டிப் பார்த்தாள். என்ன என்று தெரியாமலே அவளுக்கும் உதடு விரிந்தது.

"என்னம்மா?"

செருப்பு மேலேயே இருந்தது. துடைப்பக்கட்டை எடுத்துவர யாரும் எழுந்திருக்கவில்லை.

நாற்காலிக்காரர் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, அவற்றைச் சத்தமில்லாமல் பழையபடியே பிரித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.