பஸ்மியா வீட்டு மெசின்

வோஷிங் மெசின் வாங்குவதென்றால் அயல் வீட்டுப் பஸ்மியா அக்காவிடம் இருப்பதைத்தான் வாங்க வேண்டும் என்று பூரணி ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். பூரணி சொன்னால் சொன்னதுதான். அவளுடைய புருசன் இராசதுரைக்கு இது கலியாணம் முடித்த கிழமையே விளங்கிவிட்டதால், "ஓம், உமக்குப் பிடிச்சதை எடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அவனுக்குத் துறைமுகக் கரையில் வேலை. மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவான். காலையில் வெளுத்த ஓவரோலோடு போகிற மனிதன் பின்னேரம் ஒயிலில் பொரித்தெடுத்தது மாதிரி வந்து நிற்பான். அதைத் தோய்த்துத் தோய்த்தே பூரணியின் கைரேகை தேய்ந்தது. போதாக்குறைக்குப் போன வருடம் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டையும் உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துப் பூட்டினார்கள். சமைக்கலாம், தலைமயிர் வாரி இழுக்கலாம், துணி மட்டும் இனிப் பிழியக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நான் தோய்க்கிறன்" என்று இராசதுரை ஒருநாள் வீரமாகக் கிணற்றடிக்குப் போனான். சவர்க்காரம் முழுக்கக் கரைந்தது, ஊத்தை இருந்த இடத்திலேயே இருந்தது. கிணறு இரண்டு வீட்டுக்கும் பங்கு. வேலி அதன் நடுவால் போகிறது. அந்தப் பக்கம் தண்ணீர் அள்ள வந்த பஸ்மியா அவன் தோய்க்கிற அழகைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஒழுங்கை முடக்குவரை கேட்டது. சிரித்து முடித்தவள் வேலிக்கு மேலால் கையை நீட்டினாள்.

"கூடைய இங்கால தாங்க தம்பி. எங்கூட்டு மெசின் சும்மாதானே கிடக்கு."

உண்மைதான். மகனும் மருமகளும் கட்டாரில் இருக்க, பஸ்மியா அந்த வீட்டில் தனி ஆள். அன்று தொடங்கிக் கூடை வேலி தாண்டிப் போகும், காய்ந்து மடித்த உடுப்போடு திரும்பி வரும். அயல் வீட்டுக்கு அழுக்கை மட்டும் கொடுத்துவிடுவது அழகில்லை என்று பூரணி மேலே நாலு முருங்கைக்காய் வைப்பாள், இல்லாவிட்டால் ஒரு சீப்பு வாழைப்பழம். பஸ்மியாவும் சளைத்தவள் இல்லை. நோன்பு மாதத்தில் தோய்த்த உடுப்போடு கஞ்சிப் பாத்திரமும் சூடாக வந்தது.

அந்த மெசினின் கெட்டித்தனத்தைப் பூரணி சொல்லிப் பீற்றாத ஆள் ஊரில் இல்லை. ஓவரோலின் கழுத்துப்பட்டியில் ஏறின கறை எமனுக்கும் பயப்படாது. அதையே இந்த வருடம் அந்த மெசின் முந்தியைவிட வெள்ளையாக்கி அனுப்பியது. பின்னேரங்களில் பஸ்மியா வீட்டுப் பின்பக்கத்தில் தொம் தொம் என்று சத்தம் கேட்கும். மெசின் நல்லாய் அடிக்கிறது என்று குசினிக்குள் சமைத்தபடியே பூரணி மனம் குளிர்ந்துகொள்வாள்.

ஆனாலும் எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுசியின் கரண்டிலும் தண்ணீரிலும் உடுப்புத் தோய்ப்பது? சீட்டு விழுந்ததும் முதல் வேலையாகப் பஸ்மியாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். பிழையான மெசினை எடுத்தால் கூடை மறுபடி வேலி தாண்ட வேண்டி வரும். அது மட்டும் நடக்கவே கூடாது என்பது அவளுடைய முடிவு.

கடைக்காரர் ஹிஸ்புல்லா வேறு யாருக்கோ பிரிட்ஜ் விற்றுக்கொண்டிருந்தார். மேல்மூடி திறக்கிற மெசின்கள் ஒரு வரிசையாக நின்றன. பூரணி நேரே போய் ஒன்றின் தலையில் தட்டினாள்.

"இதுதானே அக்கா உங்கட்ட இருக்கிறது?"

"இது வேணாம் புள்ள." பஸ்மியா அவசரமாகச் சொன்னாள். "அங்கால இருக்கிறதப் பாரு. மூடி சத்தமில்லாம மூடுது. பைப்பில தண்ணி வராட்டியும் கிணத்துத் தண்ணிய வாளியால ஊத்தி ஓட்டலாம்."

"இதுக்கும் ஊத்தலாம்தானே?"

"ஊத்தலாம். எண்டாலும் வேணாம்."

"உங்கட மெசின் தோய்க்கிற மாதிரி ஒண்டும் தோய்க்காது அக்கா. எனக்கு இதுதான் வேணும்."

"சொன்னாக் கேளு புள்ள, இது சரி வராது" என்று பஸ்மியா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பூரணிக்குச் சுருக்கென்றது. தன்னிடம் இருப்பது அயல் வீட்டில் இருக்கக் கூடாதோ? இத்தனை நாள் ஒன்றாய்ப் பழகிய மனுசிக்கு இப்படியும் ஒரு குணமா? மூக்கு விடைத்துவிட்டது. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாயைத் திறக்கிற நேரம் ஹிஸ்புல்லா வந்து சேர்ந்தார்.

"ராத்தா, நானே உங்களுக்குக் கோல் எடுக்க இருந்த நான். உங்கட மெசினுக்குள்ள பூட்டுற போர்ட் இன்னும் கொழும்பால வரல்ல. எலி கடிச்சு எரிஞ்சது நோன்புக்கு முந்தி, இப்ப ஹஜ்ஜுப் பெருநாளும் வரப் போகுது. இவ்வளவு நாளும் கையாலயா தோய்க்கிறீங்க?"

பஸ்மியா கண்ணைக் காட்டினாள். ஹிஸ்புல்லாவுக்கு அது விளங்கவில்லை. பூரணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நோன்பு மாதம். வெயில் மண்டையைப் பிளந்த மாதம். தொண்டையில் சொட்டுத் தண்ணீர் இறங்காமல் இந்த மனுசி குந்தியிருந்து இராசதுரையின் ஓவரோலைக் கல்லில் அடித்துத் தோய்த்திருக்கிறாள். தோய்த்து, மடித்து, அதோடு கஞ்சியும் அனுப்பியிருக்கிறாள். அந்தத் தொம் தொம் சத்தத்தைக் கேட்டு மெசினைப் புகழ்ந்தவள் தான்தான் என்று நினைக்கப் பூரணிக்கு வெட்கமாக இருந்தது. பஸ்மியாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் முட்டுகளில் தோல் வெடித்துக் காய்த்திருந்தது.

"ஏனக்கா சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தா நீ கூடையத் தந்திருப்பியா? அந்தக் கையோட கிணத்தடிக்குப் போயிருப்பாய். திரும்ப உடைஞ்சா ஆரு பாக்கிறது?" என்றாள் பஸ்மியா. "எனக்கும் நாள் போக வேணும்தானே புள்ள. என்ட ஒருத்திர உடுப்ப மட்டும் எவ்வளவு நேரத்துக்குத் தோய்க்கிறது?"

கடையென்றும் பாராமல் பூரணி அழுதாள். கூடப் பிறந்தவள் செய்வாளா இதை? மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு ஹிஸ்புல்லாவிடம் திரும்பினாள்.

"அக்கா காட்டின மெசினையே தாங்கோ. அதில பெரிசு."

"ரெண்டு பேருக்குச் சின்னதே காணும், தங்கச்சி."

"ரெண்டு பேரில்லை. நாங்கள் மூண்டு பேர்."

மெசின் வந்திறங்கியது. வீட்டுக்குள் வைக்காமல், கிணற்றடியில் தகரக் கூரை போட்டு ஒரு பத்தி இறக்கி, வேலியோடு ஒட்டி வைக்கச் சொன்னாள் பூரணி. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வேலிக்கு மேலால் கையை நீட்டினாள்.

"கூடையைத் தாங்கோ அக்கா. முதல் தோய்ப்பு உங்கட உடுப்பு."

பஸ்மியா எவ்வளவோ மறுத்துப் பார்த்தாள். பூரணி சொன்னால் சொன்னதுதான். கூடை வந்தது, மேலே நாலு மாங்காயோடு.

இரண்டாவதாக ஓவரோல் போட்டார்கள். மூடியைத் திறந்து எடுத்த இராசதுரை கழுத்துப்பட்டியை வெளிச்சத்தில் பிடித்து உதட்டைப் பிதுக்கினான்.

"என்னப்பா இது? கறை அப்பிடியே கிடக்கு. பஸ்மியாக்காட மெசின் மாதிரி வராது."

அப்போதுதான் பூரணி கடையில் நடந்ததை அவனுக்குச் சொன்னாள். இராசதுரை சவர்க்காரத்தையும் பிரஷையும் எடுத்தான், சாரத்தை மடித்துக் கட்டினான், தோய்க்கிற கல்லடியில் குந்திவிட்டான். தொம் தொம் என்று சத்தம் எழும்பியது. இந்த முறை அவன் இலேசில் எழும்பவில்லை.

வேலிக்கு மேலால் பஸ்மியா தலையை நீட்டினாள்.

"என்ன தம்பி, புது மெசினும் பழுதாப் போச்சா?"

"இல்லையக்கா." அவன் நிமிர்ந்து பார்க்காமல் ஓவரோலை மறுபடி கல்லில் அடித்தான். "உங்கட மெசினை ஓட்டிப் பழகிறன்."