சான்றிதழ் பெற்ற செடி

பதினோரு வருடம் ஆய்வகத்தில் குடுவை கழுவிய அக்கா, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, முத்திரை குத்திய சான்றிதழின்படி செடியானாள். உணவு இடைவேளையை வழக்கம்போல ஒரு மணிக்கு விட்டார்கள்.

அந்த ஆய்வகத்தின் பிழைப்பே இலையை வேகவைப்பதுதான். வடிகட்டிய சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்றினால், தண்ணீர் மாதிரி இருந்தது பழுப்பாகும். கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள் உள்ளே உருவாகிவிட்டது என்று அர்த்தம். அதை வைத்துக் கட்டுரை எழுதுவார்கள். வேம்பு, கொய்யா, செம்பருத்தி எல்லாவற்றையும் யார் யாரோ எழுதி முடித்துவிட்டதால், எவனும் வேகவைக்காத இலை ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் இரண்டு வருடமாக ஆராய்ச்சி மாணவியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா கை உதறிய தண்ணீர் ஒரு குடுவைக்குள் தெறித்தது. நாலே நிமிடத்தில் பழுப்பு. இலைகளுக்கு நாலு மணி நேரம் ஆகும்.

மறுநாள் முதல் அறுபது டிகிரி வெந்நீரில் அக்காவின் கைகளை இருபது நிமிடம் ஊறவைத்தார்கள். தோல் உரிந்தது. அதையும் வடிகட்டினார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் இன்னும் தற்காலிக ஊழியர்தான், சாயங்காலம் வீடு திரும்பினால், படுக்கையில் கிடக்கும் கணவன் கேட்பது ஒரே கேள்வி: "பர்மனென்ட் ஆயிடுச்சா?"

"கட்டுரை வரட்டும், ரெஜிஸ்டர்ல உன்னை நிரந்தரமா ஏத்திடறேன்" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை.

கட்டுரையை வாங்கிய பத்திரிகை, எந்தச் செடி என்று கேட்டது. மனுஷி என்று எழுதினால் நெறிமுறைக் குழு கூட வேண்டும், ஒரு வருடம் இழுக்கும். செடி என்றால் தாவரவியல் நிபுணர் ஒருவரின் கையெழுத்து போதும். வரவழைத்த நிபுணர் அக்காவின் காதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "பூக்குமா?" என்றார். "இதுவரைக்கும் இல்ல சார்" என்றாள் மாணவி. முத்திரை விழுந்தது. அந்த வாரமே அக்காவின் விரல் நுனிகளில் துளிர் விட்டது. செடிக்கு ஏது வருகைப் பதிவு? அதிலிருந்து பெயரை அடித்தார்கள். ஜன்னலோரம் நிறுத்தி, மாணவி இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினாள். அழுதுகொண்டேதான் ஊற்றினாள், ஆனாலும் இலை பறிக்க ஒருநாளும் மறக்கவில்லை.

மகள் வந்து, "அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார்" என்றாள்.

"முடியாதும்மா. சான்றிதழ் வாங்கின செடிய உலர்த்திப் பத்திரமா வைக்கணும், விதி அப்படி" என்றார் பேராசிரியர்.

செய்தித்தாள்களுக்கு நடுவே அக்காவைக் கிடத்தி, மேலே பலகை வைத்து, வாரால் இறுக்கினார்கள். "மூச்சு முட்டுது சார், கொஞ்சம் தளர்த்துங்க" என்றாள் அக்கா. தளர்த்தினால் இலை சுருங்கிவிடும் என்பதால் இன்னொரு சுற்று இறுக்கினார்கள். பத்தே நாளில் தட்டையானாள். அட்டையில் ஒட்டி, எண் எழுதி, பூச்சி அண்டாமல் நாப்தலின் உருண்டை போட்டு, இரும்பு அலமாரியில் வைத்தார்கள். கட்டுரையும் வந்தது.

மகள் அம்மாவின் எண்ணைக் கேட்டு வந்தாள். நிபுணர் உலர்செடிப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். எண்ணுக்கு எதிரே, 'நிரந்தரம்' என்று நீல மையில் எழுதியிருந்தது. அவள் இரண்டு தடவை படித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்டார்.

"ஆயிடுச்சுப்பா."

"பதினோரு வருஷம் இழுத்தடிச்சானுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து நிம்மதியாகத் தூங்கினார்.