மார்லெட் லேனுக்குக் கூட்டம் சேர்த்த வின்னி

லண்டனில் மார்லெட் லேன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்குகிற ஆட்களைவிட அதன் வாசலில் படுத்திருக்கும் பூனைகள் அதிகம் என்பாள் எதிர்க்கடை வின்னி டாப்செல். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் விற்பவள். கணவன் போய்ச் சேர்ந்து பல வருடம். நிலையத்தில் லிஃப்டை இயக்கும் ஆல்ஃப் பட்ஜை வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

ஒருநாள் ஆல்ஃப் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"கூட்டமே இல்லன்னு ஸ்டேஷன இழுத்து மூடப்போறாங்களாம், வின்னி. புதன்கிழம ஒரு அதிகாரி பாக்க வர்றாரு."

"கூட்டம்தானே வேணும்? நான் சேத்துத் தர்றேன்யா."

புதன்கிழமை தெருவே திரண்டு வந்தது. பழைய துணிக்கடையிலிருந்து தொப்பிகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள் வின்னி. அவள் போட்ட திட்டம் இதுதான்: எல்லோரும் ரயிலேறி அடுத்த நிலையம் வரை போக வேண்டும். அங்கே தொப்பியை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். மறுபடியும் போக வேண்டும். லிஃப்டில் மூச்சுவிட இடமில்லை. கிரிச்லி என்ற அந்த அதிகாரி வாசலோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இறகு வைத்த தொப்பியோடு வின்னி கடந்தபோது கூப்பிட்டார்.

"அம்மணி, இந்தத் தொப்பிய இப்பத்தான் ஒரு மீசைக்காரர் தலையில பாத்தேனே?"

"அவன் என் தம்பி சார். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே ரசனை."

"தினமும் இவ்வளவு கூட்டமா?"

"இன்னிக்குக் கம்மி சார்!"

அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிப்போனது. அடுத்த வாரம் வாசலில் அறிவிப்பு தொங்கியது: இத்தனை பெரிய கூட்டத்தை இந்தப் பழைய லிஃப்டுகள் தாங்காது, பயணிகளின் பாதுகாப்பு கருதி நிலையம் மூடப்படுகிறது.

தெரு முழுக்கச் சிரிப்பு. வின்னி மட்டும் கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள். ஆல்ஃப் பின்வாசல் வழியாக வந்தான்.

"வேல போகல. அடுத்த ஸ்டேஷனுக்கு மாத்திட்டாங்க, அவ்வளவுதான்."

"நான்தான்யா கெடுத்தேன். வாய மூடிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"யாரு, நீயா? சும்மாவா?"

அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "இனி உங்கூடச் சண்ட போட அவ்ளோ தூரம் நடக்கணுமே!"

"எதுக்கு நடக்கணும்? கல்யாணம் பண்ணிக்கிட்டா வீட்லயே போடலாம்."

வின்னி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "மொதல்ல உக்காந்து சாப்பிடு. வெறும் வயித்தோட கேட்டா நான் எப்படி நம்புறது?"

வயிறு நிறைந்த பிறகும் அவன் அதையேதான் கேட்டான்.

நிலையத்தின் சாவியை ஆல்ஃபிடமிருந்து யாரும் திரும்பக் கேட்கவில்லை. கல்யாணத்தன்று தேவாலயத்திலிருந்து நேராகக் கல்யாண கோஷ்டி சுழல்படிகளில் இறங்கி, நடைமேடையில் விளக்குகளை ஏற்றிவைத்து, விருந்தைப் பரப்பியது. நிற்காமல் ஓடும் ரயில்களின் ஜன்னல்களில் பயணிகள் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். மூடிய நிலையத்தில் நீல கவுன் போட்ட ஒரு மணப்பெண் மீன் தின்றுகொண்டிருந்தாள்!

ஒரு ரயில் மட்டும் ஆமைபோல ஊர்ந்தது. வின்னி கூடவே ஓடி, ஓட்டுநர் ஜன்னலில் ஒரு சூடான மீன் பொட்டலத்தைத் திணித்தாள். பின்பெட்டிகளிலிருந்து ஒரே கூச்சல்: "அப்ப எங்களுக்கு?"