தண்ணிச் சொதி

குற்றாலலிங்கத்தை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அழைக்காமலே போய்விடுவார். தேய்த்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பந்தி விசாரிக்கிறவர் மாதிரி விறுவிறுவென்று மண்டபத்துக்குள் நுழைந்தால் கேட்பார் கிடையாது. பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு. இந்த ஒரே பொய்யை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாகத் திருநெல்வேலி டவுனில் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் மனுஷர்.

சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஒன்றுமில்லை, தாலுகா ஆபீசில் நல்ல வேலை இருந்தது. எல்லாம் சொதிக்காகத்தான். கல்யாணத்தன்று போடுவது வெறும் சாப்பாடு. மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்தில்தான் சொதி வரும். பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் வெந்து, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் விட்டு, இறக்கி வைத்து எலுமிச்சை பிழிந்த சொதி; தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. நினைத்தாலே அவருக்கு ஃபைலில் எழுத்து மங்கிவிடும்.

ஆவணியில் ஒரு நாள், முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தபோது அந்தச் செய்தி காதில் விழுந்தது. சங்கரி மகள் மதுமதிக்குக் கல்யாணம். வியாழக்கிழமை மத்தியானம் தெற்கு ரத வீதி மண்டபத்தில் மறுவீட்டுச் சொதி.

சங்கரி அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஒரே தங்கை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கரிக்கு நடந்த மறுவீட்டு விருந்தில், மாப்பிள்ளை பக்கம் நாற்பது பேர் கூடுதலாக வந்து இறங்கிவிட்டார்கள். சமையல்காரர் என்ன செய்வார், தண்ணீரை ஊற்றிச் சமாளித்தார். பெண்ணுக்கு அண்ணன், பூசி மெழுக வேண்டியவர், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பந்தியே கேட்கும்படி சொன்னார்: “இது சொதியா? ஆத்துத் தண்ணியில சுண்ணாம்பக் கரைச்சு ஊத்திருக்கான்!” சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து புகுந்த வீட்டில் சங்கரிக்குப் பெயரே ‘தண்ணிச் சொதி’ என்றாகிவிட்டது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி ஆள் அனுப்பினாள். “தண்ணியத் தண்ணின்னுதான சொன்னேன்?” என்று திருப்பி அனுப்பினார் இந்தப் புண்ணியவான். மண்டப வாசலில் கூசாமல் பொய் சொல்லும் வாய்தான். இலைக்கு முன்னால் மட்டும் அதற்குப் பொய் வராது.

‘நான் சொதிக்குத்தான் போறேன்’ என்று வியாழக்கிழமை கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். மதுமதியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். சங்கரி கண்ணில் பட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான். வேட்டியை மட்டும் ஏனோ இரண்டு தரம் தேய்த்தார்.

வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா நாறும்பூநாதன் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். “நீரு யாரு வீடு வே?”

“பொண்ணு வீடு.”

நூறு தடவை சொன்ன பொய். இன்றைக்கு அது உண்மையாக இருந்ததால் நாக்குத் தடுக்கியது.

“பொண்ணுக்கு என்ன முறை?”

“தூரத்துச் சொந்தம்” என்றார்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். எதிரே தூரத்தில் மதுமதி, சங்கரியின் அதே மூக்கு. பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து ஓடிவிடலாம் என்று நினைப்பதற்குள் நாறும்பூநாதன் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஆரம்பித்தார். “பொண்ணுக்குத் தாய்மாமன் ஒருத்தன் இருக்கானாம் வே. சொதி தண்ணின்னு சொல்லி உறவையே முறிச்சவனாம். சரியான கிறுக்கன்!”

“கிறுக்கன்தான்” என்று தலையாட்டினார் குற்றாலலிங்கம். அதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அப்போது சொதி வாளியோடு சங்கரியே வந்துவிட்டாள். இலை இலையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். இவர் குனிந்தார், இன்னும் குனிந்தார், திருநீறு இஞ்சிப் பச்சடியில் உதிர்கிற அளவுக்குக் குனிந்தார். கரண்டி அவர் இலைக்கு மேலே வந்து நின்றது. நின்றபடியே நின்றது.

பிறகு இரண்டு கரண்டி விழுந்தது.

“சாப்பிட்டுப் பாருங்க அண்ணாச்சி.”

பிசைந்து ஒரு வாய் வைத்தார். அட கடவுளே! தண்ணீர்! இன்றைக்கும் கூட்டம் கூடிப்போயிருக்கிறது, அழைக்காமல் வந்த இலைகள் எத்தனையோ, அதில் ஒன்று அவருடையது.

“எப்படி இருக்கு?”

வரிசையே கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு பார்த்தது. அவர் தன் பலத்தையெல்லாம் திரட்டினார்.

“அமிர்தமா இருக்குட்டி.”

இலைக்கு முன்னால் அவர் சொன்ன முதல் பொய் அது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

சங்கரி குனிந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “இருபத்திரண்டு வருசம் கழிச்சு வந்து எங்கிட்டப் பொய்யா சொல்லுதிய? நானும் ருசி பாத்துட்டுத்தான் வாரேன்.”

குற்றாலலிங்கம் இரண்டு பக்கமும் பார்த்தார். தங்கையின் காதருகே போய், அந்த வாய் அதுவரை பேசியே அறியாத சின்னக் குரலில் சொன்னார்: “தண்ணிதான், தாயி. அன்னைக்கும் இப்படிப் பையச் சொல்லியிருக்கணும்.”

சங்கரிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கையில் வாளி குலுங்கி, நாறும்பூநாதன் வேட்டியில் ஒரு கரண்டி சொதி போய்ச் சேர்ந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் அடுக்களைப் பக்கம் திரும்பி, மண்டபமே கேட்கக் கத்தினாள்: “ஏ, இன்னும் ரெண்டு செம்பு மொதப் பால் ஊத்துங்க! பொண்ணோட தாய்மாமன் சொல்லியாச்சு!”

நாறும்பூநாதன் வேட்டியைத் துடைப்பதை நிறுத்தினார். “அப்பம் அந்தக் கிறுக்கன்...”

“நாந்தான் வே” என்றார் குற்றாலலிங்கம், நிமிர்ந்து உட்கார்ந்து.